ஒரே ஓட்டை!

"பெல்லட்டுன்னா பெல்லட்டு, இதுல என்னங்க ஆராய்ச்சி?" என்று யாராவது தெரியாத்தனமாக என்னிடம் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். புதுச்சேரிப் பக்கத்து எங்கள் பாகூர் கடைத்தெருவில் சும்மா டீ குடித்துக்கொண்டிருக்கிற மனிதரை அப்படியே பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்து, எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிற நெல் கொட்டகையில் உட்காரவைத்து, வெர்னியரைக் கையில் திணித்து, "அளந்து பாருங்க, நீங்களே அளந்து பாருங்க" என்று சுட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவர் வாயைப் பிளந்துவிடுவார். பிளக்காமல் எப்படி? பத்து குண்டு, ஒரே ஓட்டை!

முதலில் இந்த அட்டையைப் பாருங்கள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கான டார்கெட். மொத்த வட்டமே 45.5 மில்லிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, அதுதான் பத்து. அதன் குறுக்களவு அரை மில்லிமீட்டர். ஆமாம், அரை! கண்ணாடி போடாமல் எனக்கு அது கண்ணுக்கே தெரியாது. சுடுகிற பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர், புள்ளியைப்போல ஒன்பது மடங்கு. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டுவிட்டால் பத்து மார்க், அதோடு நிற்காமல் இன்னும் நெருங்கி நெருங்கிப் போகப் போக 10.1, 10.2 என்று ஏறி, நட்டநடு மையத்தில் விழுந்தால் 10.9. ஒவ்வொரு 0.1-க்கும் இடையில் எவ்வளவு தூரம் தெரியுமா? கால் மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்காக மனிதர்கள் ராத்தூக்கம் கெட்டு அலைகிறார்கள், அதில் நானும் ஒருவன், சந்தோஷமாக!

நம்ம ஊருக்குப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். பாகூரிலிருந்து தெற்கே போய்த் தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அந்தக் கடலூரில் 1999-இல் பிறந்தவர் ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன். 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம், அதே ஊரில் 2023-இல் மறுபடி தங்கம். பெயரைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது பாருங்கள்! 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. ஆளுக்கு அறுபது குண்டு, முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இன்னொரு இந்தியப் பெண் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக உள்ளே போனார். நம்ம இளவேனில் 630.7, பத்தாவது இடம், வெளியே. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.8. அன்றைக்கு ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 0.1-க்குக் கால் மில்லிமீட்டர் என்றால் 0.8-க்கு ரெண்டு மில்லிமீட்டர். ஒரு குண்டுக்கு இல்லை ஐயா, அறுபது குண்டுக்கும் சேர்த்து ரெண்டே மில்லிமீட்டர்! ஐந்தாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். நோட்டை மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் வெகுநேரம் நடந்துகொண்டே இருந்தேன். இந்தப் பெல்லட் விவகாரத்தைக் கடைசி வரை பார்த்துவிடுவது என்று முடிவு கட்டியது அந்த நடையில்தான்.

வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு பித்து உண்டு. கடைத் தோட்டாவை நம்பமாட்டார்கள். பித்தளைக் கூடு, மருந்து, முனைக்குண்டு எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, மருந்தைக் கடுகளவு கூட்டிக் கடுகளவு குறைத்து, குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்று மாற்றி மாற்றிப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்கிறவரை விடமாட்டார்கள். அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எச்சில் ஊறும். நம்ம நாட்டிலே 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்குக் கதவு மூடிவிட்டது, நல்லதுதான். பாகூர் ஏரிக்குப் பனிக்காலத்தில் வந்து இறங்குகிற பறவைகளைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் துப்பாக்கியைத் திருப்ப நினைக்கவும் மாட்டார்கள். தோட்டா செய்வதற்கும் லைசென்ஸ், மருந்துக்கும் லைசென்ஸ். ஆனால் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. போட்டி ரைபிளில் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும், எடை 0.53 கிராம், கணக்குப் போட்டுப் பார்த்தால் எட்டு ஜூல்கூட வராது. மருந்து இல்லை, கூடு இல்லை, புகை இல்லை. மிச்சம் இருப்பது ரைபிள், காற்று, ஒரு துளி ஈயம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு அதே பித்தை முழுசாக அனுபவிக்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் கடையில் போய் விற்பது?

துப்பாக்கிக்கும் குண்டுக்கும் பொருத்தம் பார்க்கிற வேலை நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. 1752-இல் இதே பாகூரில்தான் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் மோதினார்கள். இங்கிலீஷ் படைக்கு ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், பிரெஞ்சுப் படைக்குக் கவர்னர் துய்ப்ளேக்ஸின் உறவினர் கெர்ஜான், கடைசியில் கெர்ஜான் பிடிபட்டார். நான் அந்தச் சண்டையை நினைக்கும்போது அரசியலை நினைப்பதில்லை, அந்தச் சிப்பாயின் கையைத்தான் நினைக்கிறேன். காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, ஒவ்வொரு தடவையும் கையாலேயே திணிக்க வேண்டும். அந்தக் காலத்து இங்கிலீஷ் மஸ்கட்டின் குழல் 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம். கணக்குப் பாருங்கள், ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! குண்டு குழலுக்குள் உருண்டு உருண்டு போய் எந்தப் பக்கம் கடைசியாக இடித்ததோ அந்தப் பக்கம் பறக்கும். அதே பாகூரில் இன்றைக்கு நான் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். நினைத்தாலே சிலிர்க்கிறது!

நூறில் ஒரு பங்கா என்று கேட்காதீர்கள், அதுதான் இந்தக் கதையின் உயிரே. பெல்லட்டை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு ஒடுங்கி, முன்னால் தட்டையான தலை, பின்னால் உள்ளே குழிந்த பாவாடை. ட்ரிக்கரை அழுத்தினதும் காற்று பின்னாலிருந்து வந்து அந்தப் பாவாடையை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கிறது, காற்று ஒழுகாது. தலையோ குழலுக்குள் முறுக்காக ஓடுகிற வரிகளின் மேல் சவாரி போகிறது. தலை ஒரு பொட்டு சின்னதாக இருந்தால் உள்ளே ஆடும், பெரிதாக இருந்தால் நசுங்கும். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் 4.48, 4.49, 4.50, 4.51 என்று தலையளவு தனித்தனியாகப் போட்டு விற்கிறார்கள். ஜெர்மனியின் எச் அண்ட் என், ஆர்.டபிள்யூ.எஸ்., செக் நாட்டு ஜே.எஸ்.பி. என்று பெயர் பெற்ற கம்பெனிகள். டப்பாவுக்கு ஐந்நூறு. டப்பாவின் பின்பக்கம் லாட் நம்பர் ஒட்டியிருக்கும், இதைக் கவனியுங்கள், அளவைவிட முக்கியம் அந்த நம்பர். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஆனால் லாட் வேறு என்றால் பெல்லட்டும் வேறு. அச்சு தேய்கிறது, ஈயத்தின் பதம் மாறுகிறது, உங்கள் ரைபிளுக்கு அது தெரிந்துவிடுகிறது. உலகத்திலேயே சிறந்த பெல்லட் எது என்று யாரையும் கேட்காதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. உங்கள் குழலுக்குப் பிடித்தது எது என்பதுதான் கேள்வி, அதைக் குழலைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ரைபிள் அண்ணன் மகளுடையது. கல்லூரியில் படிக்கிறாள், போட்டிக்குப் போகிறாள். பழைய ஜெர்மன் ரைபிள், இரண்டாம் கையாக வாங்கியது. ஒபெர்ன்டார்ஃப் ஊரில் செய்தது. மவுசர் துப்பாக்கி பிறந்த அதே ஊர்! அந்த ஊர்ப் பெயர் பொறித்த இரும்பு எங்கள் நெல் கொட்டகைக்குள் வந்து சேர்ந்த அன்றைக்கு நான் அதைத் துணியால் துடைத்துத் துடைத்து அண்ணியிடம் திட்டு வாங்கினேன். சுடுவது அவள். பெல்லட் பார்ப்பது நான். இந்தப் பதவியை நானாகவே எடுத்துக்கொண்டேன், இனி யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

நெல்லை விற்றுக் கொட்டகை காலியாகிற வரைக்கும் பொறுத்திருந்து, அதற்கப்புறம் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் ஆரம்பித்தோம். டேப் பிடித்துப் பத்து மீட்டர் அளந்து சுண்ணாம்பில் கோடு. அந்தக் கடைசியில் பெல்லட்டைப் பிடிக்கிற இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் மணல் மூட்டைகள், கதவுக்கு உள்தாழ்ப்பாள், ரெண்டு பேருக்கும் கண்ணாடி. இந்தக் கடைசியில் பழைய கருவேல மேசை, அதன் மேல் பட்டறையிலிருந்து வாங்கிவந்த வைஸ், வைஸின் தாடைகளுக்குத் தோல் சுற்றி அதில் ரைபிளை இறுக்கிக் கட்டிவிட்டோம். ஏன் கட்ட வேண்டும்? மனுஷன் கை ஆடும், மூச்சு ஆடும், நெஞ்சு துடிக்கிற துடிப்புகூட அட்டையில் தெரியும். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது குழலும் பெல்லட்டும் மட்டும். அப்போது அட்டையில் விழுகிற ஓட்டை பொய் சொல்லாது.

இப்போது கண்ணை மூடி அந்த ராத்திரியைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். வெளியே தவளைச் சத்தம், கொட்டகை முழுக்க நெல்லுமியின் பழைய வாசனை, ஓட்டு இடுக்கில் பல்லி, டார்கெட்டின் மேல் மட்டும் ஒரு வெள்ளை லைட். மேசை விளக்கடியில் கண்ணாடிப் பலகை ஒன்றை லேசாகச் சாய்த்துவைத்து அதன் மேல் பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டுகிறேன். தலையும் பாவாடையும் ஒரே குறுக்களவு இல்லை அல்லவா, அதனால் நேராக உருளாது, வளைந்து போகும். ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் நிற்பவையெல்லாம் ஒரு ஜாதி. வழி மாறி ஓடுபவை, பாவாடை நெளிந்தவை, எல்லாம் தனிக் கிண்ணம், பயிற்சிக்கு ஆகும். அப்புறம் தராசு. கல் நகைக்காரர்கள் காரட் நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு, மில்லிகிராம் வரைக்கும் காட்டும். இடுக்கியால் ஒன்றை எடுத்து வைக்கிறேன், 0.531. அடுத்தது 0.530. அடுத்தது 0.531. அடுத்தது 0.526, அட, நீ எங்கேயிருந்து வந்தாய், போ கிண்ணத்துக்கு! முட்டை அட்டைக் குழிகளில் எடை வாரியாகப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டே போகிறேன். அண்ணி காபி எடுத்துவந்து வாசலிலேயே நின்று, "தம்பி, அரிசியில கல்லு பொறுக்கச் சொன்னா மட்டும் கண்ணு தெரியலம்பீங்க" என்கிறார். காபி வாசலோடு சரி. கொட்டகைக்குள் தின்பண்டம், குடிக்கிற சாமான் எதற்கும் அனுமதி இல்லை, தொட்டுக்கொண்டிருப்பது ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டம்ளரைத் தொட அண்ணி விடவும் மாட்டார்.

பெல்லட்டை மாற்றினதும் உடனே அளக்க உட்காராதீர்கள், இதை மட்டும் மனதில் வையுங்கள். முந்தின பெல்லட்டின் ஈயமும் எண்ணெய்ப் பசையும் குழலுக்குள் படிந்திருக்கும். புதுசு அதோடு பழகுகிற வரைக்கும் குண்டு அங்கே இங்கே அலையும். அதனால் ஒரு புதுப் பெல்லட்டைக் கொஞ்சம் சும்மா சுட்டுப் பழக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சுத்தமான அட்டையை மாட்டி எண்ணிப் பத்து. ஐந்து குண்டை வைத்து முடிவு கட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐந்து குண்டு அதிர்ஷ்டத்தில் ஒன்றாக விழும், பத்து குண்டு விழாது.

முதலில் மாட்டியது ஒரு 4.51. அட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை கிழிந்து நீண்டு கிடக்கிறது. வெர்னியரில் ஓரத்துக்கு ஓரம் எட்டு மில்லிமீட்டர். அதில் பெல்லட்டின் 4.5-ஐக் கழித்தால் குண்டுகளின் மையம் மூன்றரை மில்லிமீட்டர் சிதறியிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? சுடுகிறவர் சொர்க்கத்திலிருந்து இறங்கிவந்து ஒரு மயிரிழை ஆடாமல் சுட்டாலும் சில குண்டுகள் 10.3-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளையின் மேல் ஒரு தப்பும் இல்லாமலே! 4.50 கொஞ்சம் தேவலை. அதே 4.50-இல் வேறொரு லாட் இன்னும் மோசம். சில டப்பாக்கள் விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதையும் ஒன்றுக்கு நாலாக வாங்கிச் சுட்டுத் தீர்த்தால் செலவு ஏறத்தான் செய்யும், போகட்டும், பணம் கரும்பு வெட்டினால் வரும்.

அப்புறம் வந்தது அந்த 4.49. அய்யோ, அந்த 4.49!

பழக்கிவிட்டு, புது அட்டை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் குண்டு. "டப்" என்று சுத்தமாக ஒரு ஓட்டை, சுற்றி ஒரு பிசிறு இல்லை. ரெண்டாவது குண்டு. இரும்புப் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது, அட்டையில் ஒன்றும் காணோம். பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, "சித்தப்பா, ரெண்டாவது அட்டையிலயே இல்ல" என்கிறாள். வைஸ் தளர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன், மலையாக நிற்கிறது. மூன்றாவது. அதையும் காணோம். "சித்தப்பா, வெளியில போகுதா?" "எங்க போகும் கண்ணு, பெட்டிக்குள்ளதான் சத்தம் கேக்குதே" என்று சொல்கிறேன், சொல்லும்போதே உள்ளங்கை வேர்த்துவிட்டது, ஏனென்றால் எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. நாலாவது, ஐந்தாவது. அந்த ஒரே ஓட்டை, அசையவில்லை, வளரவில்லை. அவள் பைனாகுலரை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கலைந்துவிடுமோ என்று பயம். ஆறு. ஏழு. வெளியே தவளை கத்துகிறதா நிறுத்திவிட்டதா தெரியவில்லை, காதில் என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்கிறது, நல்லவேளை ரைபிள் வைஸில் இருக்கிறது, என் கையில் இருந்திருந்தால் அந்தத் துடிப்புக்கு அட்டை முழுக்க ஓட்டை விழுந்திருக்கும்! எட்டு. ஒன்பது. கடைசி பெல்லட்டை இடுக்கியில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தேன், குலதெய்வத்தை நினைத்துக்கொண்டேன், உள்ளே தள்ளினேன், ட்ரிக்கரைத் தொட்டேன். டப். அவள் ஓடினாள், நானும் ஓடினேன், பத்து மீட்டர் ஓடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, கிளிப்பைக் கழற்றி அட்டையைக் கையில் எடுத்து லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், உருண்டையாக, அழகாக, ஒரே ஒரு ஓட்டை! ஒரே ஓட்டைங்க! பத்து குண்டும் அதற்குள்ளே போயிருக்கிறது! "சித்தப்பாாா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் பாம்பு வந்துவிட்டதென்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், நான் அவர் கையிலிருந்த கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கூடவே குதித்தார்!

வெர்னியரை வைக்கும்போது கை நடுங்கியது. ஓரத்துக்கு ஓரம் 5.4. நாலரையைக் கழித்தால் 0.9. பத்து குண்டின் மையமும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டன. நடுவில் சரியாக வைத்துவிட்டால் ஏறக்குறைய எல்லாமே 10.8, 10.9! அட்டைக்குக் கீழே தேதி, லாட் நம்பர், அளவு எல்லாம் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் நிலப் பத்திரம் வைக்கிற தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான், எனக்குத் தெரியும்.

உண்மையான கொண்டாட்டம் மறுநாள் காலையில்தான். பிள்ளை சுடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, நின்ற நிலையில் அதே லாட்டைச் சுட ஆரம்பித்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "லேசா வலது பக்கம் இழுத்துட்டேன்" என்பாள். பார்த்தால் வலது பக்கம். "இது நடு" என்பாள். நடு. "மூச்சு விட்டுட்டேன், கீழ போயிருக்கும்." கீழே. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவள் முகம் மாறுகிறது, தோள் இறங்குகிறது, நெற்றிச் சுருக்கம் போகிறது. அதற்கு முன்னால் நல்லா விட்ட குண்டு 10.2-இல் விழும்போதெல்லாம் எங்கே தப்புப் பண்ணினோம் என்று தேடித் தேடி, இல்லாத தப்பைத் திருத்தப் போய், இருந்த நல்லதையும் கெடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அட்டையில் விழுவது அவள் செய்தது, அவள் செய்தது மட்டும்தான். கலப்படம் இல்லை. பத்து குண்டு முடிந்து கூட்டிப் பார்த்தால் 104.6! அதுவரை அவள் வீட்டில் எடுத்ததிலேயே பெரிசு. நிற்க முடியாமல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

2008 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பெய்ஜிங்கில் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டை 10.8 சுட்டுத் தங்கம் எடுத்தாரே, இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தனிநபர் தங்கம், மொத்தம் 700.5, வெள்ளி எடுத்த சீனாவின் சூ சினானுக்கு 699.7. மறுபடி பாருங்கள், அங்கேயும் அதே 0.8! இப்போது அந்தக் கடைசிக் குண்டைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ட்ரிக்கரைத் தொடும்போது அந்த மனிதர் தன் பெல்லட்டைப் பற்றித் துளிகூட யோசித்திருக்கமாட்டார். யோசிக்கத் தேவை இல்லாத அளவுக்கு அந்த வேலை முன்னாலேயே முடிந்திருந்தால்தான் ஒருவரால் அப்படிச் சுட முடியும். அந்த நிம்மதியைத்தான் ஒரு டப்பாவுக்குள் தேடிக்கொண்டிருக்கிறோம் நாங்கள்.

அப்புறம் என்ன, போன் மேல் போன். சென்னை, கோயம்புத்தூர், மும்பை என்று எந்த விற்பனைக்காரரையும் விடவில்லை. "அண்ணே, டப்பாவைக் கொஞ்சம் திருப்பி ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரைப் படிங்க" என்பதுதான் என் முதல் வார்த்தை. சிலர் சலித்துக்கொண்டார்கள், சிலர் பொறுமையாகப் படித்தார்கள், கடைசியில் ஒருவர் படித்த நம்பர் என் அட்டையில் இருந்த அதே நம்பர்! "எத்தனை டப்பா இருக்கு?" "எத்தனை வேணும்?" "இருக்கறது அத்தனையும்." லாட் தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். தீரட்டுமே! தீர்ந்தால் இன்னொரு லாட்டைத் தேடலாம், மறுபடி கண்ணாடிப் பலகை, மறுபடி தராசு, மறுபடி "சித்தப்பா, ரெண்டாவது அட்டையிலயே இல்ல." அதைவிட வேறென்ன வேண்டும்?

பார்சல் வந்த அன்றைக்கு டப்பாக்களை உலர்ந்த இடமாகப் பார்த்து, காற்றுப் புகாத டப்பர்வேரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடுக்கிவைத்தேன். நம்ம கடலோர ஈரத்துக்கு ஈயம் வெளுத்துப் பூத்துவிடும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சேலியமேட்டிலிருந்து ரெண்டு பள்ளிக்கூடப் பையன்கள் வந்து உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், கிருமாம்பாக்கத்திலிருந்து ஒரு ரிடையர்டு வாத்தியார் தராசைப் பார்க்கவே வந்தார். வில்லியனூரிலிருந்து ஒருவர் தன் மகனின் ரைபிளோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அந்தக் குழலுக்கு 4.50-தான் சரிப்பட்டுவரும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். எனக்கென்னமோ எங்கள் ரைபிளுக்குப் பிடிக்காமல் ஓரமாகக் கிடக்கிற அந்த 4.51 மேல்தான் ஒரு கண். ரெண்டு டப்பாவையும் மேசையில் எடுத்துவைத்தாயிற்று, வைஸுக்குப் புதுத் தோலும் சுற்றியாயிற்று. நீங்களும் வாங்களேன், பாகூர் கடைத்தெருவில் வந்து இறங்கி யாரைக் கேட்டாலும் கொட்டகையைக் காட்டுவார்கள்!